எந்த ஊருக்கு முதலிடம்?

எந்தக் கல்லூரி விடுதியிலும் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் பேச்சு மூன்று இடங்களில்தான் போய் முட்டும். ஒன்று சினிமா, இன்னொன்று கிரிக்கெட், மூன்றாவது ஊர். முதல் இரண்டிலும் எப்படியோ சமாதானம் ஆகிவிடும். ஊர்ப் பேச்சில் மட்டும் ஆகாது. "மதுரை மாதிரி வருமா?" என்று ஒருவன் ஆரம்பித்தால், "எங்க கோயமுத்தூர்த் தண்ணிய ஒரு தடவ குடிச்சுப் பாருங்க, அப்புறம் பேசுங்க" என்று இன்னொருவன் எழுந்து உட்காருவான். திருச்சிக்காரன், "யார் எங்க போனாலும் எங்க ஊர் வழியாத்தான்டா போகணும்" என்பான். சென்னைக்காரன் மூவரையும் பார்த்துச் சிரிப்பான், அவ்வளவுதான். விடிகிற வரை நடந்தாலும் தீர்ப்பு வராது.

ஊர்ப்பற்று, வேறென்ன என்று சொல்லி இதை முடித்துவிடுகிறார்கள். ஊர்ப்பற்று கொஞ்சம் இருக்கிறதுதான். ஆனால் பெரிய காரணம் வேறு. ஒருவன் சாப்பாட்டை அளக்கிறான், ஒருவன் தண்ணீரை, ஒருவன் பஸ் வசதியை, ஒருவன் சம்பளத்தை. நாலு பேரும் நாலு வேறு விஷயங்களை அளந்துவிட்டு, விடை மட்டும் ஒன்றாக வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். எப்படி வரும்?

வெறும் அரட்டை என்றால் விட்டுவிடலாம். டிகிரி முடிக்கிற வருடம் இதே அரட்டை முடிவாக மாறிவிடுகிறது என்பதுதான் பிரச்சினை. "சென்னையா? அது மனுஷன் வாழற ஊரா?" என்று கல்யாண வீட்டில் சித்தப்பா சொல்கிற ஒரு வார்த்தையில் ஒருவனுடைய முதல் வேலையே போய்விடுகிறது. சித்தப்பா சென்னைக்குப் போனது இரண்டு தடவை. இரண்டு தடவையும் ஆஸ்பத்திரிக்கு! அவர் சென்னைக்குப் போட்ட மார்க் அந்த இரண்டு நாளுக்கானது. அதை வைத்து இன்னொருவரின் மூன்று வருடத்தை முடிவு செய்வது எந்த ஊர் நியாயம்?

சரி, இதே வேலையைப் பெரிய நிறுவனங்கள் எப்படிச் செய்கின்றன என்று பார்க்கலாம்.

பெரியவர்கள் போட்ட மார்க்

லண்டனில் இருக்கும் எகனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் என்ற அமைப்பு ஆண்டுதோறும் உலக நகரங்களை வரிசைப்படுத்துகிறது. நிலைத்தன்மைக்கு 25 சதவீதம், மருத்துவத்துக்கு 20, பண்பாடும் சுற்றுச்சூழலும் சேர்த்து 25, கல்விக்கு 10, உள்கட்டமைப்புக்கு 20. கூட்டினால் 100. 2011 முதல் 2017 வரை தொடர்ந்து மெல்போர்ன்தான் முதலிடம். 2018-லும் 2019-லும் வியன்னா. 2021-ல் கொரோனாவைச் சமாளித்த விதத்துக்காக நியூசிலாந்தின் ஆக்லாந்து முதலிடத்துக்கு வந்தது. வியன்னா 12-க்குப் போனது. அடுத்த வருடமே வியன்னா மறுபடி முதலிடம், ஆக்லாந்து 34! ஒரே வருடத்தில் ஆக்லாந்தின் கடலும் மலையும் எங்கும் ஓடிவிடவில்லை. உலகம் திறந்துகொண்டது, அளக்கிற விஷயத்தின் மதிப்பு மாறியது, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. இந்த மாதிரிப் பட்டியல்களின் ஆரம்பகால உபயோகமே, வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் கம்பெனி அதிகாரிகளுக்கு எவ்வளவு 'கஷ்டப்படி' கொடுக்கலாம் என்று கணக்குப் போடுவதற்குத்தான். கம்பெனி கார், கம்பெனி வீடு, பிள்ளைகளுக்குச் சர்வதேசப் பள்ளி என்று வாழும் அதிகாரிக்கு எந்த ஊர் வசதி என்பது அதன் கேள்வி. ஷேர் ஆட்டோவில் போகிறவனின் கேள்வி அதில் கிடையாது.

இந்தியாவில் மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகம் 'எளிதாக வாழும் குறியீடு' என்று ஒன்றை 2018-ல் வெளியிட்டது. மொத்தம் 111 நகரங்கள், புனே முதலிடம். திருச்சி 12, சென்னை 14. அடுத்த பதிப்பு 2021 மார்ச்சில் வந்தது. அதில் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் தொகை உள்ள நகரங்களைத் தனியாகவும் மற்றவற்றைத் தனியாகவும் பிரித்தார்கள். மக்களிடமே கருத்துக் கேட்டு அதற்கு 30 சதவீதம் கொடுத்தார்கள். பெரிய நகரங்களில் பெங்களூரு முதலிடம், சென்னை 4, கோவை 7. சின்ன நகரங்களில் சிம்லா முதலிடம், சேலம் 5, வேலூர் 6, திருச்சி 10. திருச்சி சென்னையை முந்திய ஊரா இல்லையா என்று இப்போது யாராவது கேட்டால், எந்த வருடத்துக் கணக்கில் என்றுதான் திருப்பிக் கேட்கவேண்டும்.

2025 ஜூலையில் வந்த தூய்மைக் கணக்கெடுப்பில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட நாற்பது நகரங்களில் மதுரைக்கு நாற்பதாம் இடம். மதுரைக்காரர்களுக்கு வலித்தது, நியாயம்தான். ஆனால் அந்தப் பட்டியல் அளந்தது தூய்மையை மட்டும். அதைக் காட்டி "மதுரை மோசமான ஊர்" என்று தீர்ப்புச் சொன்னால், கணக்குப் பாடத்தில் ஃபெயில் ஆனவனை முட்டாள் என்று சொல்கிற கதைதான். அதே சமயம் "அதெல்லாம் சும்மா, மீனாட்சி இருக்கா" என்று மதுரைக்காரர்கள் தப்பிக்கவும் முடியாது. அந்தப் பாடத்தில் ஃபெயில், ஃபெயில்தான்.

காமர்ஸ் சொல்லித் தரும் பாடம்

பி.காம். படிக்கிற எல்லாருக்கும் முதல் வருடத்திலேயே ஒரு விஷயம் தலையில் அடித்துச் சொல்லப்படும். கணக்கியல் தரநிலை ஒன்று: ஒரு நிறுவனம் எந்தக் கொள்கைப்படி கணக்கு எழுதியது என்பதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். கையிருப்புச் சரக்கை முதலில் வந்தது முதலில் போகும் என்று மதிப்பிடலாம், எடையிட்ட சராசரியிலும் மதிப்பிடலாம். விலை ஏறுகிற காலத்தில் முதல் முறையில் லாபம் கூடுதலாகத் தெரியும். இரண்டும் சட்டப்படி சரி. எதைப் பின்பற்றினோம் என்று சொல்லாமல் லாபத்தை மட்டும் காட்டினால்தான் தப்பு.

ஊர்களுக்கும் இதே விதி பொருந்தும். இரண்டு ஊர்கள், இரண்டே பாடங்கள் என்று வையுங்கள். முதல் ஊர் வேலைவாய்ப்பில் பத்துக்கு 9, செலவில் 4. இரண்டாம் ஊர் வேலைவாய்ப்பில் 6, செலவில் 8. வேலைக்கு 70 சதவீதம், செலவுக்கு 30 என்று எடை போட்டால் முதல் ஊருக்கு 7.5, இரண்டாவதற்கு 6.6. எடையைத் திருப்பிப் போட்டால் முதல் ஊருக்கு 5.5, இரண்டாவதற்கு 7.4. மார்க் எதுவும் மாறவில்லை, முதலிடம் மட்டும் மாறிவிட்டது.

பெரும்பாலானவர்கள் செய்வது என்ன? சொந்த ஊர் முதலிடம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு, அதற்குத் தகுந்த எடையைப் பிறகு தேடுகிறார்கள். லாபம் இவ்வளவு என்று முடிவு செய்துவிட்டுக் கணக்கு எழுதுவதற்கு ஆடிட்டர்கள் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள் :-)

இன்னொரு குழப்பம், போன ஊரையும் இருந்த ஊரையும் ஒரே பட்டியலில் போடுவது. மூன்று நாள் போன ஊரில் வாடகை கிடையாது, தண்ணீர் லாரி கிடையாது, ஆவணங்களுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைவது கிடையாது. கோயில், கடை, சாப்பாடு, உறவினர் வீட்டுக் கவனிப்பு என்று எல்லாம் நல்லதாகவே கண்ணில் படும். இருந்த ஊரில் மே மாதமும் சேர்ந்து வரும். ஆகவே இரண்டு பட்டியல்கள் வேண்டும். தமிழ்நாட்டின் நான்கு பெரிய ஊர்களைப் பார்த்துவிட்டு வருவதற்கான வரிசை என்றால் மதுரை, திருச்சி, சென்னை, கோவை. இதில் பெரிய சண்டை வராது என்று நம்பலாம்.

வாழ்வதற்கான வரிசை வேறு. அதற்கு யார் வாழப்போவது என்று முதலில் சொல்லியாகவேண்டும். இங்கே எடுத்துக்கொண்டிருப்பது காமர்ஸ் டிகிரி முடித்த, கையில் சேமிப்பில்லாத, அந்த ஊரில் தெரிந்த ஆளும் இல்லாத இருபத்திரண்டு வயதுக்காரர். ஆணோ பெண்ணோ. முதல் மூன்று வருடங்கள். எடை: வேலையும் அடுத்த வேலைக்கான வழியும் 40, செலவு 20, சொந்த வண்டி இல்லாமல் போய்வர வசதி 20, ஊர் ஆளைக் கேள்வி கேட்காமல் விடுவது 20. இந்த எடை பிடிக்கவில்லை என்றால் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாற்றியதைச் சொல்லவேண்டும்.

நான்காம் இடம்: மதுரை

அடிக்க வருவதற்கு முன் முழுசாகப் படியுங்கள். ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று கோயிலைச் சுற்றிச் சுற்றி வளர்ந்த ஊர் இது. நடு ராத்திரியில் பசித்தால் சூடாக இட்லியோ கொத்துப் புரோட்டாவோ கிடைக்கும் ஊர். பையில் கொஞ்சம் காசிருந்தால் போதும், யாரும் பட்டினி கிடக்கவேண்டாம். 2004-ல் உயர் நீதிமன்றக் கிளை வந்தது. 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு அது பெரிய வரம்.

ஆனால் 40 சதவீதப் பாடத்தில் அடி விழுகிறது. டி.வி.எஸ். குழுமம் தோன்றிய ஊர், பெரிய நூற்பாலைகள் ஓடிய ஊர். அப்படியிருந்தும் இன்று பி.காம். முடித்தவருக்கு முதல் வேலை கிடைத்தாலும் அடுத்த வேலைக்கு அதே ஊரில் அதிகம் வழியில்லை. அதனால்தான் மதுரைக்காரர்கள் மதுரையைப் பற்றிச் சென்னையில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறார்கள்! கடைசிப் பாடமும் கஷ்டம். "தம்பி எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்? யார் வீடு?" என்று மூன்று கேள்விகளில் ஆளின் சாதி வரைக்கும் போய்விடும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு, மதுரையைச் சுற்றி அது இன்னும் உயிரோடு இருக்கிறது. சொந்தக்காரன் உள்ளவனுக்கு அந்தக் கேள்வி பாசம். மற்றவனுக்கு அது விசாரணை.

மூன்றாம் இடம்: திருச்சி

படிப்பதற்கு என்றால் திருச்சிதான் முதலிடம், சந்தேகமே வேண்டாம். 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-ல் இங்கே வந்த புனித வளனார் கல்லூரி, 1919-ல் தேசியக் கல்லூரி, 1923-ல் ஹோலி கிராஸ், 1951-ல் ஜமால் முகமது என்று வரிசையாகக் கல்லூரிகள். காவிரி பக்கத்திலேயே இருக்கிறது. மாநிலத்தின் நடுவில் இருப்பதால் எந்தத் திசைக்கும் பஸ். 1980களில் எம்.ஜி.ஆர். தலைநகரையே இங்கே மாற்ற நினைத்தது சும்மா இல்லை.

ரயில்வே பணிமனை 1920களில் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தது, பெல் தொழிற்சாலை 1960களில் திருவெறும்பூருக்கு வந்தது. இரண்டும் பல ஆயிரம் குடும்பங்களைத் தூக்கிவிட்டன. ஆனால் அவை இரண்டுமே வெளியிலிருந்து வந்தவை. அவற்றைச் சுற்றித் தனியார் அலுவலகங்கள் வேண்டிய அளவு வளரவில்லை. ஆகவே திருச்சி பிள்ளைகளைப் படிக்கவைத்து ரயிலேற்றிவிடும் ஊராகவே இருக்கிறது. செலவில் நல்ல மார்க், பஸ்ஸில் நல்ல மார்க், வேலையில் சுமார்.

இரண்டாம் இடம்: கோவை

சிறுவாணித் தண்ணீரையும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றையும் கோவைக்காரர்களே பேசிக்கொள்ளட்டும். இருபத்திரண்டு வயதுக்காரருக்கு முக்கியமானது வேறு. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபிறகு நூற்பாலைகள் பெருகின. பாலைகளுக்கு உதிரி பாகம் செய்யப் பட்டறைகள், பட்டறையிலிருந்து மோட்டார், பம்ப்செட், வெட் கிரைண்டர் என்று ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தது. ஒரே பெரிய முதலாளியை நம்பாமல் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கம்பெனிகளால் ஆன ஊர் இது. ஒவ்வொரு கம்பெனிக்கும் கணக்கு எழுத, ஜி.எஸ்.டி. தாக்கல் செய்ய, வங்கிக்கு ஓட ஒரு ஆள் வேண்டும். காமர்ஸ் படித்தவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. கணக்கு, கொள்முதல், வசூல் எல்லாவற்றையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். மரியாதைக்கும் குறைவில்லை, சின்னப் பையனையும் "வாங்க, போங்க" என்பார்கள்.

மார்க் குறைவது பஸ்ஸில். ஊர் அவிநாசி ரோடு, திருச்சி ரோடு, மேட்டுப்பாளையம் ரோடு என்று கை விரல்கள் மாதிரி நீண்டுகிடக்கிறது. ஒரு விரலிலிருந்து இன்னொரு விரலுக்குப் போக உள்ளங்கைக்கு வந்தாகவேண்டும். 2025 அக்டோபரில் அவிநாசி ரோட்டில் பத்து கிலோமீட்டர் மேம்பாலம் திறந்தார்கள். வண்டி வைத்திருப்பவர்களுக்குக் கொண்டாட்டம். பஸ் நிறுத்தத்தில் நிற்பவருக்கு மேலே பாலம் போனாலும் கீழே காத்திருப்பு அப்படியேதான்.

முதலிடம்: சென்னை

2015 டிசம்பரில் வெள்ளம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர். 2023 டிசம்பரில் மறுபடி வெள்ளம். வெயில், புழுக்கம், கொசு, மிரட்டும் அட்வான்ஸ் தொகை. தெற்கிலிருந்து வருகிற பஸ்கள் 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கத்திலேயே பெரும்பாலும் இறக்கிவிடுகின்றன. ஊர் வந்துவிட்டது என்று இறங்கியபிறகு ஊருக்குப் போவது தனிப் பயணம். இவ்வளவும் சொல்லிவிட்டு முதலிடமா என்றால், ஆம்.

ஒரு சின்னக் கணக்கு, உதாரணத்துக்குத்தான். சென்னையில் சம்பளம் 22,000, ரூம், மெஸ், சீசன் டிக்கெட் எல்லாம் சேர்த்து 16,000, மிச்சம் 6,000. சொந்த ஊரில் சம்பளம் 14,000; வீட்டிலேயே சாப்பாடு, செலவு 4,000; மிச்சம் 10,000. மாதக் கணக்கில் சொந்த ஊர் ஜெயிக்கிறது. ஆனால் மூன்று வருடம் கழித்து, "இங்கே சரியில்லை, மாறிக்கொள்கிறேன்" என்று சொல்ல எந்த ஊரில் முடியும்? சென்னையில் அதே தெருவில் இன்னொரு கம்பெனி இருக்கும். சி.ஏ. படிக்கிறவர்களுக்கும் இதேதான். 2023-ல் வந்த புதிய திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. அந்த இரண்டு வருடத்தில் எத்தனை விதமான ஆடிட்டைப் பார்க்கிறார்கள் என்பதுதான் பிறகு சோறு போடும்.

போக்குவரத்தில் மற்ற மூன்று ஊர்களும் பக்கத்தில்கூட வரமுடியாது. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-லேயே மின்சார ரயில் ஓடிய ஊர் இது. 2015-ல் மெட்ரோ வந்தது. காசே இல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்க மெரினா இருக்கிறது, 1896-ல் தொடங்கிய கன்னிமாரா நூலகம் இருக்கிறது, 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. சொந்தப் புத்தகத்தோடு போய் நாள் முழுக்க ஏசியில் படிக்கலாம், யாரும் என்ன ஏது என்று கேட்கமாட்டார்கள்.

யாரும் கேட்கமாட்டார்கள் என்பதுதான் சென்னையின் பெரிய மார்க். பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாத ஊர் என்று குறை சொல்வார்கள். அந்தத் தெரியாமையே சிலருக்கு விடுதலை. (வாடகைக்கு வீடு தேடும்போது மட்டும் சென்னைக்கும் திடீரென்று எல்லாக் கேள்வியும் ஞாபகம் வந்துவிடும். "வெஜிடேரியன் மட்டும்" என்ற பலகைக்கு ஐந்து மார்க் கட்.)

எடை போடுவது யார்?

இவ்வளவு கணக்கிலும் கடைசியாக ஒரு கேள்வி பாக்கி. பையனுடைய பட்டியலைப் பையனே போடுகிறான். அப்பா கொஞ்சம் முணுமுணுப்பார், அவ்வளவுதான். பெண்ணுடைய பட்டியலைப் பெரும்பாலும் பெண் போடுவதில்லை. வீட்டில் நாலு பேர் கூடிப் போடுகிறார்கள், அதில் 'பாதுகாப்பு' என்று ஒரே பாடத்துக்கு நூற்றுக்கு நூறு எடை. அந்தப் பாடத்தின் கேள்வித்தாளும் விசித்திரமானது. பஸ் கடைசியாக எத்தனை மணிக்கு, தெருவிளக்கு எரிகிறதா, விடுதி அலுவலகத்துக்குப் பக்கமா என்று யாரும் கேட்பதில்லை. "அங்க நம்ம சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?" என்பதோடு தேர்வு முடிந்துவிடுகிறது.

பாதுகாப்பு முக்கியமில்லை என்று யாரும் சொல்லமுடியாது. அதை ஒழுங்காக அளக்கவேண்டும். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தபோது, பல வீடுகளில் பெண்ணின் செலவுக் கணக்கே மாறியது. தமிழக அரசின் 'தோழி' மகளிர் விடுதிகள் தாம்பரம், அடையாறு, திருச்சி, சேலம், வேலூர், தஞ்சாவூர் என்று பல இடங்களில் வந்திருக்கின்றன. இப்படி விசாரித்துப் பார்த்து "வேண்டாம்" என்று ஒரு பெண்ணே முடிவு செய்தால் அது அவருடைய கணக்கு. எதையும் பார்க்காமல் சொந்தக்காரர் இல்லை என்பதற்காக வேலைக் கடிதத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினால், நஷ்டம் முழுவதும் அந்தப் பெண்ணின் பேரில்தான் எழுதப்படும்.

ஆகவே ஊரின் பெயரை எழுதுவதற்கு முன்னால் எடையை எழுதுங்கள். அங்கே போய் இருக்கப்போகிறவர் யாரோ அவரே எழுதட்டும். சித்தப்பா, மாமா, வெளிநாட்டு நிறுவனம், மத்திய அமைச்சகம் எல்லாரும் சொல்வதைக் கேட்டுக்கொள்ளலாம். மார்க் ஷீட்டில் கையெழுத்து அவருடையதாக இருக்கவேண்டும்.

மதுரைக்கு நான்காம் இடம் கொடுத்தது அநியாயம் என்பவர்கள் வரிசையில் நிற்கவும். கையில் அவரவர் எடைப் பட்டியல் கட்டாயம்!